தேசப் பிரஷ்டமும் நீதி விசாரணையும்

2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பள்ளி விடுமுறை வாரத்தில், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் ஒரே பள்ளியில் படித்துவந்த மூன்று மாணவிகள் வீட்டாருக்குத் தெரியாமல் காட்விக் விமான நிலையத்தை அடைந்து, இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து எல்லை கடந்து, ஐ.எஸ். என்னும் இயக்கம் அக்காலத்தில் தன் ராஜதானியாகக் கொண்டிருந்த ரக்கா நகரம் போய்ச் சேர்ந்தனர். அம்மூவருள் ஷமீமா பேகத்துக்கு அப்போது வயது 15. சில நாட்களுக்குள் ஹாலந்து தேசத்திலிருந்து வந்திருந்த ஒரு போராளிக்கு அவர் மனைவியானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அவ்வியக்கத்தின் ஆட்சிப்பரப்பு யூப்ரடீஸ் நதிக்கரையில் ஒரு சிற்றூராகச் சுருங்கிவிட்ட தறுவாயில், வடகிழக்குச் சிரியாவின் முகாம் ஒன்றில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் அவரைக் கண்டபோது, அவர் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்து மூன்றாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். ஊர் திரும்ப விரும்புவதாகச் சொன்ன அவர், போனதற்காகத் தாம் வருந்தவில்லை என்றும் கூடவே சொன்னார். அச்சொல் இங்கிலாந்தில் மூட்டிய ஆத்திரம் தணியுமுன், 2019 பிப்ரவரி 19 அன்று, உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் அவருடைய பிரிட்டிஷ் பிரஜாவுரிமையைப் பறித்து உத்தரவிட்டார். மூன்றாவது குழந்தை அடுத்த மாதமே முகாமில் நிமோனியாவால் இறந்தது.

அந்நிய நாட்டில் தீவிரவாதக் கூட்டத்தோடு சேர்ந்த பிரஜை தாய்நாடு திரும்புவதற்கு அரசு இடம் கொடுக்க வேண்டுமா என்னும் வினா, இந்த ஒரு வழக்கினால் உலகெங்கும் பேசப்படலாயிற்று. பேசுவோர் பெரும்பாலும் இரு கட்சிகளாகப் பிரிந்து, ஒரு சாரார் இரக்கத்தின் பேராலும் மறு சாரார் பாதுகாப்பின் பேராலும் வாதிடக் காண்கிறோம். இரு சாராரும் தம்மை அறியாமலே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றனர். திரும்பி வருதலை அரசு தரும் ஒரு சலுகையாகவே இருவரும் பாவிக்கின்றனர். என் அபிப்பிராயத்தில் பிழை அங்கேதான் தொடங்குகிறது. குற்றம் இழைத்த பிரஜை தன் நாட்டு நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுவது சலுகையன்று. நாட்டின் சட்டம் அவனைப் பிடித்திழுத்து வந்து கணக்குக் கேட்பதாகும். ஆகவே, இங்கே ஆராய வேண்டியது அவனை மன்னிக்கலாமா என்பதன்று. அவனை விசாரிக்கும் கடமை யாருடையது என்பதே.

அதிகாரம் வளர்ந்த விதம்

நாட்டை விட்டு ஒருவனைத் துரத்துதல் பழமையான தண்டனை. அத்தண்டனையைத் தீர்ப்போடு பிணைத்து வைக்க வேண்டுமென்னும் முயற்சியும் ஏறக்குறைய அவ்வளவு பழமையானதே. 1215இல் பிரபுக்கள் ஜான் மன்னனை நெருக்கிப் பெற்ற மகா சாசனம், சுதந்திர மனிதன் ஒருவனைச் சிறையிடுதல், உடைமை பறித்தல் ஆகியவற்றோடு நாடு கடத்துதலையும் ஒரே வரிசையில் வைத்து, அவனுக்குச் சமமானோரின் தீர்ப்போ தேசத்தின் சட்டமோ இன்றி இவற்றுள் எதனையும் செய்யலாகாது என்று விதித்தது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகளும், தண்டனை எத்துணைக் கொடியதாயினும், ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்ற பின்னரே கரை நீங்கினர். நீங்கிய பின்னும் அவர்கள் ஆங்கில அரசின் பிரஜைகளாகவே இருந்தனர்.

ஒருவரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக ஆக்கிவிடும் கொடுமையை உலகம் முழு அளவில் உணர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1941 நவம்பரில் நாஜி அரசு, ஜெர்மனிக்கு வெளியே வாழ்ந்த யூதர்களின் பிரஜாவுரிமையை ஒரே ஆணையால் ரத்துச் செய்தது. அந்த அநுபவத்தின் விளைவாகவே, 1948ஆம் ஆண்டு சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பிரஜாவுரிமை உண்டென்றும், அதனை எவரிடமிருந்தும் மனம்போனபடி பறித்தலாகாது என்றும் கூறியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958இல் இன்னும் ஓரடி முன்சென்றது. 1944இல், காசாபிளாங்காவில் இராணுவக் காவலிலிருந்து ஒரு நாளுக்கும் குறைவான பொழுது தப்பியிருந்து தானே திரும்பிய படைவீரன் ஒருவன், பல ஆண்டுகள் கழித்துப் பாஸ்போர்ட் கேட்டபோது, படையை விட்டோடிய குற்றத்தால் அவன் அமெரிக்கப் பிரஜையே அல்லன் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டனர். பிரஜாவுரிமையைப் பறிப்பதைத் தண்டனையாக விதித்தல் கொடிய, அசாதாரணமான தண்டனைகளைத் தடுக்கும் அரசியல் சட்டவிதிக்கு முரண் என்று அந்நீதிமன்றம் தீர்த்தது.

பிரிட்டன் வேறு திசையில் நடந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம், வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையும் உடையவராயின், பிரிட்டனிலேயே பிறந்தவரையும் நீக்கலாம் என்று இடமளித்தது. எனினும் நாட்டின் ஜீவாதார நலன்களுக்குப் பெருங்கேடு விளைத்தவர் என்று காட்ட வேண்டுமென்னும் வரம்பு அதில் இருந்தது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் வெடித்த குண்டுகள் 52 பேரைப் பலிகொண்ட பின், 2006ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பைத் தளர்த்தி, நீக்குதல் பொது நன்மைக்கு உகந்தது என்று அமைச்சர் கருதினாலே போதும் என்றாக்கியது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்த அடிப்படையில் 104 பேர் பிரஜாவுரிமை இழந்தனர். 2022ஆம் ஆண்டுச் சட்டமோ, சில சந்தர்ப்பங்களில் சம்பந்தப்பட்டவருக்கு முன்னறிவிப்பும் தேவையில்லை என்று கூறியது. இங்கே முன்கூட்டிய விசாரணை இல்லை. குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுக்கு இல்லை. பின்னர் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்றாலும், அங்கும் இரகசிய சாட்சியங்கள் மேல்முறையீடு செய்தவரின் கண்ணில் படுவதில்லை. மகா சாசனம் பிறந்த மண்ணிலேயே, தீர்ப்பின்றி ஒருவரை நாடு நீக்கும் வழி சட்டமாகவே ஆகிவிட்டது.

காகிதத்தில் ஒரு தாய்நாடு

நாடற்றவராக ஆக்கிவிடும் நிலையில், பிறப்பால் பிரஜையான ஒருவரை நீக்கலாகாது என்பது பிரிட்டிஷ் சட்டத்திலேயே உள்ள தடை. ஷமீமா லண்டனில் வளர்ந்தவர். வங்கதேச மண்ணை மிதித்தறியாதவர். ஆனால் அவருடைய பெற்றோர் வங்கதேச வமிசத்தினர். அந்நாட்டின் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஜாவுரிமை பெற்றோர் வழியே பிள்ளைக்கு இறங்குகிறது. வேறு நாட்டின் பிரஜையாகவும் உள்ளவருக்கு அது 21 வயதோடு முடிவடைகிறது. உத்தரவு பிறந்தபோது அவருக்கு 19 வயது. எனவே, 2020 ஆகஸ்டில் தானே காலாவதியாகிவிடக்கூடிய, அதுவரை அவர் ஒருநாளும் பயன்படுத்தியிராத ஓர் உரிமையைக் காட்டி, அவர் நாடற்றவர் ஆகவில்லை என்று அரசு வாதித்தது. வங்கதேச அரசோ, இப்பெண்ணுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, தன் எல்லைக்குள் அவருக்கு இடமில்லை என்று உடனே அறிவித்துவிட்டது. ஒரு நாடு உன்னுடையவர் என்கிறது. மற்றொரு நாடு என்னுடையவர் அல்லர் என்கிறது. நடுவே நிற்பவருக்குக் காலூன்ற இடமில்லை.

வழக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் ஏறி இறங்கிற்று. 2020 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தம் வழக்கைத் தாமே நடத்த அவர் பிரிட்டன் வர அனுமதிக்கப்பட வேண்டும் என்றது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை ஏகமனதாக மாற்றி, தேசப் பாதுகாப்பை மதிப்பிடும் பொறுப்பு அமைச்சருடையது என்றது. 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்த விசேஷ மேல்முறையீட்டு ஆணைக்குழு, பாலியல் சுரண்டலுக்காக அவர் ஆசைகாட்டிக் கடத்திச் செல்லப்பட்டிருக்கலாம் என்னும் சந்தேகம் நம்பத்தக்கது என்று கண்டும், அதனால் அமைச்சரின் கை கட்டுப்படவில்லை என்று மனுவைத் தள்ளியது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இம்முடிவு கடுமையானது என்று சிலரும், அவர் தாமே தேடிக்கொண்ட கேடு இது என்று சிலரும் வாதிக்கலாம், அவ்விரண்டில் எதனையும் தீர்மானிப்பது தன் வேலையன்று என்று கூறி உத்தரவைக் காத்தது. ஆறு மாதத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு கேட்க அனுமதி மறுத்தது. இத்தனை அமர்வுகளையும் படிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அந்தப் பெண் ரக்காவில் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதை, குற்றச்சாட்டு வனைந்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, திறந்த மன்றத்தில் எந்த நீதிபதியும் ஆராயவில்லை. ஆராயப்பட்டது அமைச்சரின் அதிகாரம் மாத்திரமே.

இம்முறையின் அநீதி இன்னொன்று. பிரிட்டனைத் தவிர வேறு பூர்விகம் இல்லாத ஒருவர் இதே குற்றத்தைச் செய்தால் அவருடைய பிரஜாவுரிமையைத் தொட முடியாது. பாட்டனோ தந்தையோ கடல் கடந்து வந்தவரானால் தொடலாம். குற்றம் ஒன்று, வமிசம் வேறானதால் தண்டனை வேறாகிறது. தமிழ் வாசகருக்கு இது புதிய கதையன்று. 1948இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று கேட்டு, தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரை இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மிச்சமிருந்தோரைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. அந்தத் தொழிலாளர் எக்குற்றமும் அறியாதவர். அவர்களை ரக்காவுக்குப் போனவர்களோடு ஒப்பிடுதல் பாவம். ஆயினும், வமிசாவளியைப் புரட்டிப் பார்த்து ஒருவருடைய நாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவ்வரலாறு போதிய எச்சரிக்கை.

அபாயத்தின் கணக்கு

பாதுகாப்பை முன்னிறுத்துவோரின் வாதத்தை அலட்சியம் செய்தலாகாது. 2014 மே மாதம் பிரஸல்ஸ் நகரத்து யூதர் அருங்காட்சியகத்தில் நால்வரைச் சுட்டுக் கொன்றவன் சிரியாவிலிருந்து திரும்பியவன். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் 130 பேர் மாண்ட தாக்குதலிலும் சிரியாவில் பயின்று வந்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் இவர்கள் கைதாகி, விலங்கோடு அழைத்துவரப்பட்டவர்கள் அல்லர். கண்காணிப்பிலிருந்து நழுவி, தாமாக நடமாடியவர்கள். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோமாஸ் ஹெக்ஹாமர் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, அதற்கு முந்தைய இருபதாண்டுகளில் மேற்கு நாடுகளிலிருந்து வெளியே போரிடச் சென்றவர்களில், பின்னர்த் தாயகத்தில் தாக்குதலில் ஈடுபட்டோர் ஒன்பது பேருக்கு ஒருவருக்கு மேல் இல்லை என்று மதிப்பிட்டது. அந்த ஒருவன் யார் என்று முன்கூட்டி அறிய முடியாது என்பது மெய். ஆனால் அதுவே, அவர்களைக் கண்ணெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் காரணமாகிறது.

நீக்கப்பட்டவர் மறைந்து போவதில்லை. வடகிழக்குச் சிரியாவின் அல்-ஹோல் முகாமில் 2019இல் 70,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அப்பகுதியின் ஹஸக்கா நகரத்துச் சிறையை 2022 ஜனவரியில் ஐ.எஸ். படையினர் தாக்கியபோது, பல நாள் நடந்த சண்டையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கைதிகள் சிலர் தப்பினர். பணக்கார நாடுகள் தம் குடிகளை ஏற்க மறுத்தமையால், யுத்தத்தால் சிதைந்த ஒரு பிரதேசத்தின் குர்திஷ் காவலர்கள் அவர்களுக்காக உயிர் கொடுக்க நேர்ந்தது. தன் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வது போன்றதே இந்தப் பாதுகாப்பு.

அண்டை வீட்டாரும் அதனை ஏற்பதில்லை. பிரிட்டன், கனடா ஆகிய இரு நாட்டுப் பிரஜையான ஜாக் லெட்ஸ் என்பவரைப் பிரிட்டன் 2019இல் நீக்கியபோது, தன் பொறுப்பைப் பிறர் தலையில் கட்டுகிறது என்று கனடா வருந்தியது. ஆஸ்திரேலியா நீல் பிரகாஷ் என்பவரை ஃபிஜித் தீவின் பிரஜை என்று சொல்லி நீக்கியது, ஃபிஜி மறுத்தது, துருக்கிச் சிறையில் இருந்த அவரை ஈற்றில் 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவே ஏற்று வழக்குத் தொடுக்கும்படி ஆயிற்று. அதே ஆண்டில் அந்நாட்டின் உயர் நீதிமன்றமும், இத்தகைய தண்டனையை அமைச்சர் விதித்தலாகாது, அது நீதிமன்றத்தின் வேலை என்று அச்சட்டப் பிரிவைச் செல்லாததாக்கியது. யாவற்றிலும் வியப்பானது 'பீட்டில்ஸ்' என்று பணயக்கைதிகள் பெயரிட்டழைத்த கொலைக்கும்பலின் கதை. மேற்கு நாட்டுப் பத்திரிகையாளர்களையும் தொண்டர்களையும் சித்திரவதை செய்த அக்கும்பலைச் சேர்ந்த இருவரைப் பிரிட்டன் பிரஜாவுரிமையிலிருந்து நீக்கிக் கைகழுவிற்று. அவர்களை விசாரித்து, 2022இல் ஆயுள் தண்டனை விதித்தது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம். கொலையுண்டவர்களின் குடும்பத்தாருக்குக் கிடைத்த நீதியில் பிரிட்டனின் பங்கு, பெட்டி நிறையச் சாட்சியங்களைக் கடல் கடந்து அனுப்பியதோடு முடிந்தது.

பாதிக்கப்பட்டோரின் பங்கு

இவ்விவாதத்தில் மிக எளிதாக மறக்கப்படுவோர் யஸீதி இனத்தார் முதலிய, ஐ.எஸ். இயக்கத்தால் பாதிக்கப்பட்ட மக்கள். கொடுமை செய்தவர்களை ஊருக்கு அழைப்பது அவர்களுக்கு இழைக்கும் துரோகம் என்று சொல்வோர் உண்டு. ஜெர்மனியில் நடந்த வழக்கொன்று இதற்கு மாறான பாடத்தைக் கற்பிக்கிறது. 2015ஆம் ஆண்டுக் கோடையில், இராக்கின் பலூஜா நகரில், இராக்கியன் ஒருவனும் அவன் ஜெர்மானிய மனைவியும் ஒரு யஸீதிப் பெண்ணையும் அவளுடைய ஐந்து வயது மகளையும் அடிமைகளாக வாங்கி வைத்திருந்தனர். படுக்கையை நனைத்துவிட்டாள் என்பதற்காக அக்குழந்தையைக் கொளுத்தும் வெயிலில் ஜன்னலோடு பிணைத்து வைத்தான் அவன். குழந்தை தாகத்தால் மாண்டது. மனைவி 2016இல் துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது அவளுக்கு எதிராகப் போதிய சாட்சியம் இல்லை. அவள் வெளியேதான் நடமாடினாள். ஆனால் அவள் சட்டத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். 2018இல் மீண்டும் சிரியா போகப் புறப்பட்டவள், கார் ஓட்டிவந்தவனிடம் நடந்ததைச் சொன்னாள். அக்காரில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. மியூனிக் நீதிமன்றம் 2021இல் அவளுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் அது 14 ஆண்டாக உயர்ந்தது. கணவனுக்கு ஃபிராங்க்ஃபுர்ட் நீதிமன்றம் 2021 நவம்பரில் இன அழிப்புக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. யஸீதிகளுக்கு எதிரான இன அழிப்பு என்று ஐ.எஸ். இயக்கத்தான் ஒருவன் தண்டிக்கப்பட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. குழந்தையின் தாய் நீதிமன்றத்தில் நின்று தன் வாயால் சாட்சி சொன்னாள். அந்த ஜெர்மானியப் பெண் ஜெர்மனிக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்டிருந்தால் அந்தத் தாயின் சாட்சியம் எந்தச் சபையில் ஏறியிருக்கும்?

சாட்சியம் கிடைப்பது அரிது என்னும் ஆட்சேபமும் உண்மையே. யுத்தகளத்தில் நடந்ததைத் தூர தேசத்து மன்றத்தில் நிரூபித்தல் எளிதன்று. ஜெர்மன் நீதிமன்றங்கள் இதற்கொரு வழி கண்டன: துரத்தப்பட்டோரின் வீட்டில் குடியேறி வாழ்ந்ததை யுத்தக் கொள்ளை என்றும், பிள்ளைகளைப் போர்முனைக்கு இட்டுச் சென்றதைக் காப்பாளர் கடமை தவறியது என்றும் வகைப்படுத்தித் தண்டித்தன. பிரிட்டனுக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. திரும்புவோரின் வருகை நாளையும் வழியையும் அரசே வகுத்து, ஈராண்டு வரை நிபந்தனைகளுக்கு உட்படுத்தும் தற்காலிக விலக்காணையை 2015ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்படுத்தித் தந்தது.

நமக்கு அண்மையில்

இந்தியப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, மனுச்செய்து பிரஜையானவர்களையே நீக்க வகை செய்கிறது; பிறப்பால் இந்தியராயிருப்பவரை அதன்கீழ் அரசு நீக்க முடியாது. ஆதலால் நம் அரசு வழக்கு நடத்தும் பாதைக்கே வரவேண்டியிருக்கிறது. தென்காசிக்கு அருகே கடையநல்லூரில் வசித்துவந்த ஒருவர் 2015இல் இராக் சென்று ஐ.எஸ். படையில் சேர்ந்து, திரும்பி வந்து, 2016 அக்டோபரில் தேசியப் புலனாய்வு முகமையால் கைதானார். இந்தியாவோடு நேசமுள்ள ஆசிய அரசொன்றுக்கு எதிராக யுத்தம் செய்வதைக் குற்றமாக்கும், அதிகம் எடுத்தாளப்படாத, பழைய தண்டனைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின்படியும் கொச்சி நீதிமன்றம் 2020இல் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் பாரிஸ் தாக்குதல் பற்றித் தகவல் அறிய பிரெஞ்சு அதிகாரிகள் கேரளச் சிறைக்கு வந்து அவரை விசாரித்தனர். அவர் சிரியப் பாலைவனத்தில் எங்கோ தொலைந்திருந்தால் இவற்றுள் எதுவும் நடந்திராது.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம்மிடமே உண்டு. ஐ.எஸ். பக்கம் சேரக் கணவரோடு ஆப்கானிஸ்தானம் போய், கணவரை இழந்து, குழந்தைகளோடு காபூல் சிறையில் இருந்த கேரளப் பெண்களை மீட்க அரசு முன்வரவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது சிறைக் கதவுகள் திறந்தன. ஒருவரின் தந்தை தொடுத்த மனுவின்மேல், 2022 ஜனவரியில், முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பேத்தியைக் கேட்ட பாட்டனுக்கு அரசு சொல்லத் தக்க விடை என்ன? அக்குழந்தை எக்குற்றம் செய்தது? பிரிட்டன் போன்ற நாடுகளைவிடச் செல்வமும் செல்வாக்கும் குறைந்த கஸகஸ்தான், 2019 முதல் விமானம் அனுப்பி 600 பேருக்கு மேல் அழைத்துவந்து, ஆண்களை விசாரணைக்கும், பெரும்பாலான பெண்களையும் பிள்ளைகளையும் மறுவாழ்வு நிலையத்துக்கும் அனுப்பியது என்பதை நோக்கினால், இயலாமை என்பது வெறும் சாக்கு என்பது விளங்கும்.

ஆராய்ச்சியின் முடிவாக நான் கொள்வது இது. குழந்தைகளை உடனே அழைத்துக்கொள்ள வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமே இல்லை. வயது வந்தோரைக் காவலோடு அழைத்துவந்து, சாட்சியம் உள்ள இடத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். சாட்சியம் போதாத இடத்தில் நீதிமன்றம் வகுக்கும் கண்காணிப்பில் வைக்க வேண்டும். சிறுவயதில் ஏமாற்றி இழுத்துச் செல்லப்பட்டவர் என்னும் வாதம் உண்டானால், அதனை எடைபோட வேண்டியது அமைச்சரின் அலுவலகமன்று, நீதிமன்றமே. இவ்வாறு செய்தும், திரும்பியவர்களில் ஒருவன் தண்டனை முடிந்து வெளிவந்து தீங்கு செய்யக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வபாயம் சிறையிலிருந்து விடுதலையாகும் எந்தக் கொலையாளியிடத்தும் உண்டு. அதற்காக எந்த நாகரிக அரசும் கொலையாளிகளை அடுத்த நாட்டுக்குக் கப்பலேற்றுவதில்லை. அந்நிய மண்ணில் குற்றம் செய்த ஒருவனைக் கணக்குக் கேட்கும் கடமை பிற நாடுகளுக்கு முன் ஓர் அரசுக்கு வருவது அவன் தன் பிரஜை என்பதனால்தான். அவனைத் தன்னவன் அல்லன் என்று சொல்லும் அரசு, அவனைக் குற்றவாளி என்று சொல்லும் தகுதியையும் அக்கணமே இழந்துவிடுகிறது.